பிள்ளையைப் பள்ளியில் துன்புறுத்துகிறார்களா? பள்ளியை நடவடிக்கை எடுக்க வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தன் பிள்ளையைப் பள்ளியில் யாரோ தொடர்ந்து துன்புறுத்துகிறார்கள் என்று தெரியவந்ததும் பெற்றோர் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். கொதிப்போடு நேரே பள்ளிக்குப் போய்ச் சத்தம் போடுகிறார்கள். இல்லையென்றால், கொஞ்ச நாளில் தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். சத்தம் போட்டால் பள்ளி உங்களைச் சமாதானப்படுத்தி அனுப்பிவைக்கும், அவ்வளவுதான். விட்டுவிட்டாலோ, துன்புறுத்துகிறவனுக்குத் துணிச்சல் கூடும்.

நான் பார்த்தவரை பள்ளிகள் அசைவது மூன்று விஷயங்கள் ஒன்றுசேரும்போதுதான். தேதி போட்டு எழுதிய விவரம் இருக்க வேண்டும். இன்னின்னது செய்யுங்கள் என்று திட்டவட்டமாகக் கேட்டிருக்க வேண்டும். எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும். இவற்றைத் தயார் செய்வது எப்படி, எந்த வரிசையில் யாரிடம் போவது, பள்ளி தட்டிக்கழித்தால் என்ன சொல்வது என்பதையெல்லாம் கீழே எழுதியிருக்கிறேன்.

காத்திருக்கக் கூடாத நிலைமைகள்

இந்த வழிகாட்டியில் உள்ள படிகள் நாட்கணக்கில், வாரக்கணக்கில் நடப்பவை. சில விஷயங்களில் அந்த அவகாசம் கிடையாது. காயம்படும்படி அடித்திருந்தால், ஆயுதம் காட்டி மிரட்டியிருந்தால், பாலியல் ரீதியாகச் சீண்டியிருந்தால், மிரட்டிப் பணம் பறித்திருந்தால், அந்தரங்கப் படங்களைப் பரப்புவதாகச் சொன்னால், அன்றைக்கே பள்ளித் தலைமைக்கு எழுத்தில் கொடுங்கள். காவல்துறைக்கும் போங்கள். காயம் சின்னதாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டி, அவர் எழுதித் தருவதைப் பத்திரமாக வையுங்கள். அந்தரங்கப் படம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: ஆதாரம் என்று நினைத்து அந்தப் படத்தை நீங்கள் யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள், பள்ளிக்குக்கூட. பல நாடுகளில் அதுவே குற்றமாகிவிடும். போனை அப்படியே காவல்துறையிடம் காட்டுங்கள்.

'செத்துப்போயிடலாம் போல இருக்கு' என்று பிள்ளை சொன்னால், சும்மா சொல்கிறான் என்று நினைக்காதீர்கள். திட்டாதீர்கள், தனியாக விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ கூட்டிப்போங்கள். பள்ளி விவகாரத்தை அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் படி: பிள்ளை சொல்வதைக் கேட்பது

பிள்ளைகள் தாங்களாக வந்து சொல்வது குறைவு. பெரும்பாலும் வேறு எதையாவது வைத்துத்தான் நமக்குத் தெரியவரும். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் மட்டும் வயிற்றுவலி வரும். பேனா, நோட்டு, தண்ணீர் பாட்டில் அடிக்கடி 'தொலைந்துபோகும்'. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கழிப்பறைக்கு ஓடுவார்கள், ஏனென்றால் பள்ளிக் கழிப்பறைக்குள் போகப் பயம். வழக்கமான வழியை விட்டுச் சுற்றிக்கொண்டு வருவார்கள். இவற்றில் ஒன்று நடந்தால் ஒன்றுமில்லாமல் போகலாம். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் கேட்டே ஆக வேண்டும்.

'யாராவது உன்னை அடிக்கிறாங்களா?' என்று நேரடியாகக் கேட்டால் 'இல்ல' என்று ஒரே வார்த்தையில் கதவு மூடிக்கொள்ளும். 'இன்னிக்கு இடைவேளையில யார்கூட இருந்தே?', 'உங்க வகுப்புல யாரைப் பார்த்தா மத்தவங்க பயப்படுவாங்க?' என்று பக்கவாட்டில் வாருங்கள். கண்ணுக்கு நேர் பார்த்துக் கேட்பதைவிட, நடந்துபோகும்போதோ துணி மடிக்கும்போதோ கேட்டால் பதில் சுலபமாக வரும்.

பேச ஆரம்பித்ததும் குறுக்கே பேசாதீர்கள். 'நீ என்ன பண்ணே?' என்பது முதல் கேள்வியாக வரவே கூடாது. உண்மையிலேயே பிள்ளை பக்கமும் தவறு இருக்கலாம், அதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டால் பிள்ளை அதோடு நிறுத்திக்கொள்ளும்.

'யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா' என்று பிள்ளை கெஞ்சும். இந்த வாக்கை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், காப்பாற்ற முடியாது. அதற்குப் பதில், 'உன்கிட்ட சொல்லாம நான் எதுவும் செய்ய மாட்டேன், யார்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணலாம்' என்று சொல்லுங்கள். அந்தச் சொல்லை அப்படியே காப்பாற்றுங்கள். தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் குழந்தையின் கருத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் என்பது 1989-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவில் இருக்கிறது. உரிமை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், நடைமுறைக்கும் இதுதான் நல்லது. பிள்ளைக்குத் தெரியாமல் நீங்கள் பள்ளிக்குப் போனால், அடுத்த முறை நடப்பது உங்கள் காதுக்கு வராது.

இரண்டாவது படி: சண்டையா, துன்புறுத்தலா?

இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு போவது முக்கியம், ஏனென்றால் பள்ளி முதலில் சொல்லப்போவது 'ரெண்டு பேரும்தான் சண்டை போட்டுக்கிறாங்க' என்பதுதான். இந்தத் துறையில் முன்னோடியான நார்வே உளவியலாளர் டான் ஓல்வேயுஸ் வகுத்த அளவுகோல்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. வேண்டுமென்றே புண்படுத்துவது, அது திரும்பத் திரும்ப நடப்பது, இருவருக்கும் இடையே பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது ஆகிய மூன்றும் அதில் உண்டு.

மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பலம் என்றால் உடல் பலம் மட்டும் அல்ல. ஒருவனுக்கு எதிராக நாலு பேர் நிற்பதும் பலம்தான். வகுப்பில் எல்லோருக்கும் பிடித்தவளாக இருப்பது, உங்கள் பிள்ளையைப் பற்றிய ஒரு ரகசியத்தையோ படத்தையோ கையில் வைத்திருப்பது, புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு எதிரே பழைய கூட்டமாக இருப்பது எல்லாமே பலம்தான். விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாமல் ஒதுக்குவதும், வதந்தி பரப்புவதும், வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டு அங்கே கேலி செய்வதும் அடி உதை அளவுக்கே துன்புறுத்தல்தான். பள்ளியில் பேசும்போது 'என் பிள்ளை பாவம்' என்று மட்டும் சொல்லாமல், இந்த மூன்று அளவுகோலையும் தொட்டுப் பேசுங்கள்.

உங்கள் பிள்ளை மட்டும்தான் இப்படி மாட்டிக்கொண்டது என்று நினைக்கவும் வேண்டாம். 2018-ல் நடந்த பீசா சர்வதேச மாணவர் ஆய்வில், ஓ.இ.சி.டி. எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பில் உள்ள நாடுகளின் 15 வயது மாணவர்களில் சராசரியாக 23 சதவீதம் பேர் மாதத்தில் சில தடவையாவது துன்புறுத்தப்படுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். 'எங்க பள்ளியில இதெல்லாம் நடக்காது' என்று ஒரு பள்ளி சொன்னால், அது இன்னும் தேடிப் பார்க்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

மூன்றாவது படி: எழுதிவைப்பது

இதற்குத்தான் நான் அதிக இடம் கொடுக்கப்போகிறேன். மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது.

ஒரு தனி நோட்டு எடுங்கள். ஒவ்வொரு சம்பவத்தையும், பிள்ளை சொன்ன அன்றைக்கே எழுதுங்கள். 'ச. எப்பப் பார்த்தாலும் என் பையனைத் தொல்லை பண்றான்' என்று எழுதினால் அதை வைத்துப் பள்ளியால் எதுவும் செய்ய முடியாது. இப்படி இருக்க வேண்டும்:

செவ்வாய்க்கிழமை, இரண்டாவது இடைவேளை, மாடிப்படிக்குக் கீழே. ச.வும் கூட இரண்டு பேரும் பையைப் பிடுங்கி எறிந்தார்கள். ச. சொன்னது: 'நாளைக்கும் வா, இருக்கு உனக்கு.' அருகில் இருந்தவர்கள் ம., ர. பெரியவர்கள் யாரும் இல்லை. கணக்கு நோட்டு கிழிந்தது, படம் எடுத்தேன். பள்ளியில் யாரிடமும் சொல்லவில்லை. இரவு 8 மணிக்கு என்னிடம் சொன்னான். மறுநாள் காலை பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுதான்.

தேதியை முழுதாகப் போடுங்கள். இடம், நேரம், யார், என்ன செய்தார்கள், சொன்ன வார்த்தை என்ன, பக்கத்தில் யார் இருந்தார்கள், பிள்ளைக்கு அதனால் என்ன ஆனது, பள்ளியில் யாருக்குத் தெரியும் என்ற விவரங்கள் போதும். கெட்ட வார்த்தை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். 'அசிங்கமாகப் பேசினான்' என்று எழுதினால் படிக்கிறவர் தன் மனதில் அதைச் சின்னதாக்கிக்கொள்வார். உங்கள் கோபத்தையும் ஊகத்தையும் நோட்டில் சேர்க்காதீர்கள். 'அவன் வீட்டு வளர்ப்பு அப்படி' என்ற ஒரு வரி இருந்தால் பேச்சு முழுக்க அந்த வரியைச் சுற்றியே போய்விடும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்றால், துன்புறுத்தல் கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடுகிறது. கனடா ஆய்வாளர்கள் வெண்டி கிரெய்க், டெப்ரா பெப்ளர் இருவரும் பள்ளி மைதானங்களில் கேமரா வைத்துப் பதிவு செய்து 1997-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சம்பவம் சராசரியாக 38 வினாடிதான் நீடித்தது. பெரியவர்கள் தலையிட்டது நூற்றில் நாலு சம்பவங்களில்தான். ஆசிரியர் 'நான் எதையும் பார்க்கலையே' என்று சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமல்ல. அவரால் பார்க்க முடியாததைத்தான் உங்கள் நோட்டு அவருக்குக் காட்டுகிறது.

சில சம்பவங்கள் சேர்ந்ததும் நோட்டை மொத்தமாகப் புரட்டிப் பாருங்கள். ஒரே இடம், ஒரே நேரம் என்று ஒரு ஒழுங்கு தெரியும். மாடிப்படிக்குக் கீழே, உடற்பயிற்சி வகுப்புக்கு உடை மாற்றும் அறையில், பள்ளிப் பேருந்தின் கடைசி இருக்கைகளில், ஆசிரியர் மாறும் அந்த ஐந்து நிமிடத்தில். பள்ளியிடம் நீங்கள் என்ன கேட்க வேண்டும் என்பது இதிலிருந்துதான் கிடைக்கும். 'என் பிள்ளையைப் பார்த்துக்கோங்க' என்று கேட்டால் 'சரி' என்பார்கள், எதுவும் மாறாது. 'இரண்டாவது இடைவேளையில் மாடிப்படி அருகே ஒரு ஆசிரியரை நிறுத்துங்கள்' என்று கேட்டால், அதைச் செய்தார்களா இல்லையா என்று மறுநாளே தெரிந்துவிடும்.

இணையத்தில் நடப்பது என்றால், கோபத்தில் அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அனுப்பியவரின் கணக்குப் பெயர், தேதி, நேரம், முன்னும் பின்னும் உள்ள செய்திகள் தெரியட்டும். எடுத்த பிறகு தடை செய்து, அந்தத் தளத்திலேயே புகாரும் கொடுங்கள். பிள்ளையின் கணக்கிலிருந்து பிள்ளை பேசுவதுபோல் நீங்கள் பதில் எழுதாதீர்கள். தண்டனைபோலப் போனைப் பிடுங்கிவைக்கவும் வேண்டாம், அடுத்த முறை காட்ட மாட்டார்கள்.

நான்காவது படி: பள்ளியின் விதியைப் படிப்பது

பள்ளியின் கையேட்டிலோ வலைத்தளத்திலோ நடத்தை விதிகள் இருக்கும். இல்லையென்றால் அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். யாரிடம் புகார் கொடுக்க வேண்டும், யார் விசாரிப்பார், எத்தனை நாளில் பதில் வரும் என்று அதில் என்ன இருக்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் நாட்டிலோ மாநிலத்திலோ சட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிலிப்பைன்ஸில் 2013-ன் சட்டப்படி எல்லாத் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளும் துன்புறுத்தலுக்கு எதிரான கொள்கை வைத்திருக்க வேண்டும். அதே ஆண்டு ஜப்பானும் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 2011-ல் நடைமுறைக்கு வந்த சட்டம், புகார் வந்த ஒரு பள்ளி நாளுக்குள் விசாரணையைத் தொடங்கி 10 பள்ளி நாளுக்குள் முடிக்கச் சொல்கிறது. உங்கள் ஊரில் அப்படி ஒரு கெடு சட்டத்தில் இல்லாவிட்டாலும், இரண்டு வாரம் என்று நீங்கள் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஒன்றும் இல்லை.

சாதி, மதம், நிறம், மொழி, உடற்குறை, பாலினம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லித் துன்புறுத்தினால் அது பாகுபாட்டுக்கு எதிரான சட்டங்களுக்குள்ளும் வரலாம். அதைக் கடிதத்தில் தனி வரியாக எழுதுங்கள்.

ஐந்தாவது படி: வகுப்பாசிரியரைச் சந்திப்பது

முதலிலேயே தலைமையாசிரியரிடம் போக வேண்டாம், விஷயம் மிகக் கடுமையாக இருந்தால் தவிர. வகுப்பாசிரியரைத் தாண்டிப் போனால் அவர் தற்காப்பில் இறங்கிவிடுவார், உங்களுக்குத் தினமும் தேவைப்படுகிற ஆள் அவர்தான். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று சொல்லாதீர்கள். 20 நிமிடம் நேரம் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் இன்னொரு பெரியவரை உடன் அழைத்துப்போங்கள். ஒருவர் பேச, மற்றவர் குறிப்பெடுக்கலாம்.

தொடக்கத்தை யோசித்துவைத்துக்கொள்ளுங்கள். 'டீச்சர், உங்களைக் குறை சொல்ல வரலை. இந்த மூணு வாரத்துல நடந்ததை எழுதிட்டு வந்திருக்கேன். முதல்ல இதைப் படிச்சுப் பாருங்க. இதை நிறுத்த என்ன செய்யலாம்னு சேர்ந்து பேசணும்.' அப்புறம் அவர் படித்து முடிக்கும்வரை பேசாமல் இருங்கள். அந்த மௌனம் சங்கடமாக இருக்கும், இருக்கட்டும்.

கேட்க வேண்டியது தண்டனையை அல்ல. 'அவனை சஸ்பெண்ட் பண்ணுங்க' என்று ஆரம்பித்தால் பேச்சு முழுக்க அந்தப் பையனின் எதிர்காலத்தைப் பற்றியதாகிவிடும், உங்கள் பிள்ளை மறைந்துபோவான். எந்தத் தவறுக்கும் உடனே வெளியேற்றும் கடுமையான கொள்கைகள் பள்ளியைப் பாதுகாப்பானதாக மாற்றியதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆய்வுக்குழு 2008-ல் எழுதியது. என்ன தண்டனை என்பது பள்ளியின் வேலை. பாதுகாப்பைக் கேட்டு வாங்குவது உங்கள் வேலை.

பாதுகாப்பு என்றால் என்ன கேட்கலாம்? சம்பவம் நடக்கும் இடத்தில் பெரியவர் ஒருவர் நிற்பது. மைதானக் கண்காணிப்பைக் கூட்டிய பள்ளிகளில் பலன் கூடுதல் என்று பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் சொல்லியிருப்பதால், நான் இதைத்தான் முதலில் கேட்பேன். அடுத்து, வகுப்பிலும் பேருந்திலும் இருக்கை மாற்றம், ஆனால் மாற வேண்டியது துன்புறுத்துகிறவர், உங்கள் பிள்ளை அல்ல. பயம் வந்தால் காரணம் கேட்காமல் போய் உட்கார ஓர் இடம், போய்ச் சொல்ல ஒரு குறிப்பிட்ட ஆசிரியர். சம்பந்தப்பட்டவர்களைத் தனித்தனியாக விசாரிப்பது.

பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பற்றியும் பேசுங்கள். கனடாவில், மேலே சொன்னதுபோல மைதானத்தில் கேமரா வைத்துப் பிறகு நடந்த இன்னொரு ஆய்வில், வேறொரு பிள்ளை குறுக்கிட்டபோது பாதிக்கும் மேற்பட்ட தடவைகளில் 10 வினாடிக்குள் துன்புறுத்தல் நின்றுபோனது. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கி 2009 முதல் அந்த நாட்டுப் பள்ளிகளில் பரவிய கீவா என்ற துன்புறுத்தல் தடுப்புத் திட்டத்தின் அடிப்படையே இதுதான். அங்கே ஆசிரியர், மற்றவர்கள் மதிக்கும் இரண்டு மூன்று மாணவர்களைக் கூப்பிட்டு, பாதிக்கப்பட்ட பிள்ளைக்குத் துணையாக இருக்கச் சொல்கிறார். இப்படிச் செய்ய முடியுமா என்று உங்கள் ஆசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள். பல ஆசிரியர்கள் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார்கள்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். 'ரெண்டு பேரையும் உட்கார வெச்சுக் கைகுலுக்கச் சொல்லிடலாம்' என்பார்கள். சமமானவர்களின் சண்டைக்கு அது சரி. இங்கே பயப்படுகிற பிள்ளையைப் பயமுறுத்துகிறவனுக்கு எதிரே உட்காரவைக்கிறீர்கள். அறைக்குள் கை குலுக்கிவிட்டு வெளியே வந்ததும் அதற்கும் சேர்த்து வாங்கும் பிள்ளைகள் உண்டு.

ஆறாவது படி: அன்றைக்கே கடிதம்

சந்திப்பு எவ்வளவு இதமாக முடிந்தாலும், அன்று மாலையே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். வாயால் பேசியது ஒரு வாரத்தில் இருவருக்கும் இரண்டு விதமாக நினைவிருக்கும். நீளமாக வேண்டாம்.

மதிப்பிற்குரிய வகுப்பாசிரியருக்கு,
இன்று எங்களுக்காக நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. என் மகன் இந்த மாதத்தில் ஆறு தடவை துன்புறுத்தப்பட்டது பற்றிப் பேசினோம். தேதிவாரியான விவரத்தை இணைத்திருக்கிறேன். இது திரும்பத் திரும்ப நடக்கிறது, மூன்று பேர் ஒருவனுக்கு எதிராக நடக்கிறது, எனவே இதைப் பள்ளியின் விதிகளின்படி முறையான புகாராக ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.
நாம் பேசி ஒப்புக்கொண்டவை: நாளை முதல் இரண்டாவது இடைவேளையில் மாடிப்படி அருகே ஆசிரியர் ஒருவர் இருப்பார். சம்பந்தப்பட்ட மாணவர்களைத் தாங்கள் இந்த வாரத்துக்குள் தனித்தனியாக விசாரிப்பீர்கள். மகன் தேவைப்படும்போது நூலகத்தில் இருக்கலாம்.
இதில் ஏதாவது மாறியிருந்தால் தெரிவியுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் நிலவரத்தை எழுத்தில் தெரிவித்தால் உதவியாக இருக்கும். அதற்கடுத்த வாரம் மீண்டும் ஒருமுறை சந்திக்க நேரம் வேண்டும்.

மின்னஞ்சல் வழக்கம் இல்லாத பள்ளி என்றால் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். அப்புறம் தொலைபேசியில் ஏதாவது சொன்னாலும், 'இன்று தாங்கள் சொன்னது' என்று இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். கடிதத்தில் மிரட்டல் வேண்டாம், கிண்டல் வேண்டாம். நாளைக்கு இதைக் கல்வி அதிகாரி ஒருவர் படிப்பார் என்று நினைத்துக்கொண்டே எழுதுங்கள்.

ஏழாவது படி: கவனித்துக்கொண்டே இருப்பது

புகார் கொடுத்த முதல் சில நாட்கள்தான் பிள்ளைக்குக் கடினமானவை. 'மாட்டிவிட்டுட்டியா?' என்று பழிவாங்க வருவார்கள். இதைப் பள்ளியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பழிவாங்கல் நடந்தால் அதைத் தனிப் புகாராக அன்றைக்கே கொடுங்கள். நோட்டு எழுதுவதை நிறுத்தாதீர்கள். ஒன்றும் நடக்காத நாளையும் 'இன்று எதுவும் இல்லை' என்று எழுதினால், பள்ளி செய்தது பலன் தருகிறதா என்று தெளிவாகத் தெரியும்.

அதற்காகத் தினமும் பிள்ளையை விசாரணைக் கூண்டில் நிறுத்த வேண்டாம். ஒரே ஒரு கேள்வி போதும், மற்ற நேரமெல்லாம் வேறு விஷயம் பேசுங்கள். பள்ளிக்கு வெளியே, விளையாட்டோ இசையோ, வேறு நண்பர்கள் கிடைக்கும் ஓர் இடம் இருந்தால் அது பெரிய பலம். 'திருப்பி அடி' என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். திருப்பி அடித்த அந்த ஒரு தடவைதான் ஆசிரியர் கண்ணில் படும்.

எட்டாவது படி: மேலே போவது

சொன்ன தேதியில் பதில் இல்லையா? ஒரு நினைவூட்டல் போடுங்கள். அதற்கும் இரண்டு மூன்று நாளில் பதில் இல்லையென்றால், அல்லது துன்புறுத்தல் தொடர்ந்தால், தலைமையாசிரியருக்கு எழுதுங்கள். முதல் கடிதம், சம்பவப் பட்டியல், ஒப்புக்கொண்டவற்றில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்ற விவரம் ஆகியவற்றை இணையுங்கள். இங்கே கேட்க வேண்டியது கூடுதலாக இரண்டு. விசாரணைக்குப் பொறுப்பானவர் யார் என்று பெயர் சொல்ல வேண்டும். என் பிள்ளைக்கான பாதுகாப்புத் திட்டத்தை எழுத்தில் தர வேண்டும்.

அதற்கும் மேலே பள்ளி நிர்வாகக் குழு, அறக்கட்டளை அல்லது தாளாளர். அதன் பிறகு பள்ளியைக் கண்காணிக்கும் கல்வித் துறை அலுவலகம். குழந்தை உரிமைக்கென்று ஆணையமோ குறைதீர்ப்பாளரோ இருக்கும் இடங்களில் அங்கும் போகலாம். தனியார் பள்ளி என்றால் அதற்கு அங்கீகாரம் தரும் வாரியம். ஒவ்வொரு கட்டத்திலும் கேட்கப்படும் முதல் கேள்வி, 'பள்ளிக்கு எழுத்தில் தெரிவித்தீர்களா, என்ன பதில் வந்தது?' என்பதுதான். உங்கள் கோப்பு அப்போது தானே பேசும். எல்லாருக்கும் ஒரே நாளில் புகார் அனுப்பினால், ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட வாய்ப்புண்டு. அதனால் படிப்படியாகப் போங்கள். வழக்கறிஞரும் ஊடகமும் கடைசியில்தான், அதுவும் பிள்ளையின் பெயர் வெளியே வருவதன் விளைவை யோசித்த பிறகு.

ஆசிரியரே துன்புறுத்துகிறார் என்றால் வகுப்பாசிரியர் படியைத் தாண்டி நேரே தலைமைக்கு, தலைமையும் சம்பந்தப்பட்டிருந்தால் நேரே நிர்வாகத்துக்கும் கல்வித் துறைக்கும் எழுதுங்கள்.

தட்டிக்கழிக்கும் பதில்கள்

'பசங்கன்னா அப்படித்தான் இருப்பாங்க' என்பார்கள். 'இருக்கலாம் சார். ஆனா ஒரே பையனுக்கு ஒரே மாதத்துல ஆறு தடவை நடந்திருக்கு. பள்ளி விதிப்படி இது துன்புறுத்தலா இல்லையான்னு எழுதிக் கொடுங்க.' எழுதிக் கொடுங்கள் என்றதும் பதிலின் தொனி மாறும்.

'சாட்சி இல்லையே' என்றால், உங்கள் நோட்டில் அருகில் இருந்தவர்கள் என்று குறித்த பெயர்களைக் காட்டி, அவர்களைத் தனித்தனியாக, மற்றவர்களுக்குத் தெரியாமல் கேட்டீர்களா என்று கேளுங்கள். வகுப்பு முழுவதையும் எழுப்பி 'யாராவது பார்த்தீங்களா?' என்று கேட்பது விசாரணையே ஆகாது.

'உங்க பையன் கொஞ்சம் தொட்டாச்சிணுங்கி' என்பது அடிக்கடி வரும். கோபம் வரும், அடக்கிக்கொள்ளுங்கள். 'அவன் சென்சிடிவ்வா இருக்கட்டும், பையைப் பிடுங்கி எறியலாமா?' என்று செயலுக்கே பேச்சைத் திருப்புங்கள்.

'இன்னொரு மாணவனைப் பற்றி உங்களிடம் பேச முடியாது' என்பார்கள். அதில் நியாயம் உண்டு. அவனுக்கு என்ன தண்டனை கொடுத்தார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு செய்தார்கள் என்பதைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும்.

'பள்ளிக்கு வெளியில நடந்துச்சு, போன்ல நடந்துச்சு, எங்களுக்குச் சம்பந்தமில்லை.' அதன் விளைவு வகுப்புக்குள் தெரிகிறதா என்று பாருங்கள். குழுவில் வந்த கேலிப் பெயரை மறுநாள் வகுப்பில் சொல்லிச் சிரித்தால், அது பள்ளியின் விஷயம்தான்.

'அப்போ வேற பள்ளி பார்த்துக்கோங்க.' இதை யார் சொன்னார், எப்போது சொன்னார் என்று அன்றைக்கே எழுதி, அவருக்கே மின்னஞ்சலில் அனுப்பி உறுதிப்படுத்தச் சொல்லுங்கள்.

அந்த வீட்டுப் பெற்றோரிடம் நேராகப் பேசலாமா என்று பலர் கேட்கிறார்கள். நெருங்கிய பழக்கம் இருந்தால் தவிர, வேண்டாம். தன் பிள்ளையை விட்டுக்கொடுக்கும் பெற்றோர் அபூர்வம், பேச்சு அரை நிமிடத்தில் தடம் மாறிவிடும். அந்தப் பிள்ளையை வழியில் நிறுத்தி மிரட்டுவது அதைவிட ஆபத்து. மறுநாள் புகார் உங்கள் மேல் வரும். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பெயர் போட்டு எழுதுவதும் அப்படித்தான், அதன் பிறகு பள்ளி உங்கள் பதிவைப் பற்றி மட்டுமே பேசும்.

பள்ளி மாற்றுவது பற்றி

மாற்றுவது தோல்வி அல்ல. எல்லாப் படியும் ஏறியும் பள்ளி அசையவில்லை, பிள்ளை நாளுக்கு நாள் வாடுகிறது என்றால் மாற்றிவிடுங்கள். ஆனால் முடிவில் பிள்ளைக்கும் பங்கு இருக்கட்டும். 'உன்னால சமாளிக்க முடியல, அதனால மாத்துறோம்' என்று பிள்ளைக்குப் படக் கூடாது. 'அந்தப் பள்ளி அதன் வேலையைச் செய்யல' என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். புதிய பள்ளியில் சேர்க்கும்போதே, முன்பு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி, முதல் மாதம் கொஞ்சம் கவனிக்கும்படி கேளுங்கள்.

பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாது. வகுப்பாசிரியர் நிலையிலோ தலைமையாசிரியர் நிலையிலோ முடிந்துவிடும். அப்படி நின்றுவிட்டால், என்ன செய்ததால் நின்றது என்று குறிப்பிட்டு, அந்த ஆசிரியருக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதுங்கள், தலைமைக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். மாடிப்படி அருகே ஆசிரியர் நிற்கும் ஏற்பாட்டை இந்தப் பருவம் முடியும்வரை எடுத்துவிட வேண்டாம் என்றும் அதிலேயே கேளுங்கள். புதிய வகுப்புக்குப் போகும்போது யாரும் மறந்துவிடாமல் இருக்க, கல்வியாண்டு முடிவதற்கு முன் அடுத்த வகுப்பாசிரியருக்கு விவரம் போய்ச் சேர்ந்ததா என்று ஒரு தடவை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கோப்பைக் குறைந்தது அடுத்த கல்வியாண்டு முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள்.